மூன்றணா பில்

புதுமைப்பித்தன் கதைகளில் மனிதர்கள் அனேகமாக ருசித்துச் சாப்பிடுவதில்லை. காப்பி குடிக்கிறார்கள், கஞ்சிக்கு அலைகிறார்கள், வெற்றிலைக்குக் காலணா மிஞ்சுமா என்று பார்க்கிறார்கள். நாக்கில் என்ன நடந்தது என்பதை அவர் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. தி. ஜானகிராமனைப் படித்தால் எழுந்துபோய் டிகாக்ஷன் இறக்கத் தோன்றும். கி. ராஜநாராயணனைப் படித்தால் கம்மஞ்சோற்றுக்கும் மோருக்கும் மனம் போகும். புதுமைப்பித்தனைப் படித்துவிட்டு யாருக்கும் வாயில் நீர் ஊறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் எழுதுவது பதார்த்தத்தை அல்ல, அதன் விலையை. அந்த விலையை யார் தலையில் கட்டுவது என்பதை.

இதை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை. ஆனைகட்டியில் என் அப்பா வைத்திருந்த டீக்கடையின் கல்லாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது.

கோவையிலிருந்து தடாகம் வழியாக, செங்கல் சூளைகளின் புகையைத் தாண்டி, மாங்கரையில் மலையேறத் தொடங்கினால் முப்பது கிலோமீட்டர் வாக்கில் வரும் ஊர் அது. ஒரு பள்ளம், அதன்மேல் சின்னப் பாலம். இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. இரண்டு கரைக்கும் ஊர்ப் பெயர் ஒன்றுதான். காந்திபுரத்திலிருந்து வரும் பஸ் இங்கே திரும்பிவிடும். மன்னார்க்காட்டு பஸ் அங்கே வந்து நிற்கும். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே பாலத்தை நடந்து கடக்கிறவர்கள்தான் எங்கள் கடைக்கு வருமானம். மூட்டை தூக்கிக்கொண்டு வருவார்கள், கோழியோடு வருவார்கள், கோட்டத்துறை ஆஸ்பத்திரிச் சீட்டோடு வருவார்கள். எல்லோருக்கும் அடுத்த பஸ் வரைக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும். அந்த நேரத்தைத்தான் அப்பா விற்றார் என்று சொல்ல வேண்டும். டீ அதற்கு ஒரு சாக்கு.

பாய்லர் ஒன்றுதான், ஆனால் வாடிக்கை இரண்டு வகை. கேரளத்துக்காரர்களுக்கு டீ, அதுவும் உயரத் தூக்கி ஆற்றி நுரை நிற்க வேண்டும். கூடவே பரிப்பு வடையோ பழம்பொரியோ இல்லாவிட்டால் முகம் வாடிவிடும். தடாகம், சின்னத் தடாகம் பக்கத்துக் கவுண்டர்களுக்குக் காப்பி, தொட்டுக்கொள்ள வர்க்கி. இருளர்கள் கட்டன் சாயாதான் கேட்பார்கள். பால் விரும்பாமல் அல்ல, விலை குறைவு என்பதால். பிற்காலத்தில் சாலிம் அலி பறவையியல் மையம் ஊருக்கு வந்தபோது கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்டவர்களும் கட்டன் சாயாவே கேட்டார்கள், சர்க்கரை வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்கு அது கடைசி வரைக்கும் புரியவில்லை. காசு இருக்கிறவன் ஏன் சர்க்கரையை விட்டுக்கொடுக்கிறான்?

அந்தக் கல்லாவுக்குக் கீழே ஒரு நீள நோட்டு இருக்கும். பற்று நோட்டு. அதற்குள் ஊரே இருந்தது. சில பேருக்குப் பெயர், சில பேருக்கு அடையாளம்: ஜீப்காரன், மேட்டுவீடு, ஷோளையூர் கிளார்க்கு. ஷோளையூர் கிளார்க்குதான் எனக்குப் புதுமைப்பித்தனைக் கொண்டுவந்து சேர்த்தவர். மரம் வெட்டும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கணக்கு எழுதியவர். சம்பளம் வரவில்லை, பற்று ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் ஒரு தடித்த புத்தகத்தைக் கல்லாமேல் வைத்து, இதை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் மீட்டுக்கொள்கிறேன் என்றார். அட்டை கிழிந்த கதைத் தொகுதி. அப்பா எடை பார்ப்பவர்போல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கிளார்க்கு திரும்பி வரவில்லை. பற்று நோட்டில் அவர் பக்கம் அடிக்காமலே இருந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு, 1990களின் தொடக்கம்.

முதலில் படித்தது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943இல் கலைமகளில் வந்த கதை. கந்தசாமிப் பிள்ளை சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் மூலையில் நின்றுகொண்டு மனதுக்குள் கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏமாற்றினால் அரைக் கப் காப்பிக்கு ஆகும், ஆனால் வெற்றிலை கிடையாது. அந்த இடத்தில்தான் கடவுள் வந்து வழி கேட்கிறார். பேராசிரியர்கள் இந்தக் கதையைப் பற்றிப் பேசும்போது கடவுளில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த அரைக் கப்புதான் பிடித்துப்போனது. எங்கள் கடையில் அப்படி நின்று, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமலே பஸ் ஏறிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஐந்தாவதோடு நிறுத்தியவர், ஆனால் கேட்கத் தெரிந்தவர். பிள்ளை கடவுளை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி வாங்கிக் கொடுக்கிறார். கடவுள் குடித்ததும் சோமபானம் கண்ட முகமாகிறார், எல்லாம் தன் லீலை என்கிறார். இல்லை, ஹோட்டல்காரன் லீலை, சிக்கரிப் பவுடர் கலந்திருக்கிறான் என்கிறார் பிள்ளை. பிறகு பில் வருகிறது, மூன்றணா. கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறார். கல்லாவில் இருப்பவருக்குக் கோபம்: சில்லறை வேண்டுமென்றால் நேராகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, அதற்கு எதற்கு மூன்றணா பில் என்கிற மாதிரி ஒரு கோபம்.

அப்பா சத்தமாகச் சிரித்தது அந்த இடத்தில்தான். "ஏ அம்மிணி, இவுரு ஓட்டல் வெச்சிருந்தாரா?" என்றார்.

இல்லை, பத்திரிகைக்காரர் என்றேன். தினமணியில் இருந்தவர், தாசில்தாருடைய மகன்.

"அப்ப எங்கியோ ஒரு கல்லாக்காரன்கிட்ட நல்லா வாங்கிக்கட்டியிருக்காரு."

காலையிலேயே வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, பெரிய நோட்டாக எடுத்து நீட்டும் லாரிக்காரர்கள் அவருடைய தினசரித் துயரம். பல வருஷம் கழித்து, 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனபோது அவர் எனக்குப் போன் போட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "கடவுள் நோட்டு எல்லாம் போச்சு அம்மிணி" என்பதுதான். அந்த வாரம் கடையில் எல்லோருமே ஐந்நூறு ரூபாய்க் கடவுள்கள். அத்தனை பேருக்கும் பற்று எழுதித் தீர வேண்டியிருந்தது.

சிக்கரி விஷயத்தில் மட்டும் அவர் கந்தசாமிப் பிள்ளையோடு ஒத்துப்போகவில்லை. சிக்கரி கலப்பது களவாணித்தனம் இல்லை, சொல்லாமல் கலப்பதுதான் களவாணித்தனம் என்பது அவர் கட்சி. சிக்கரி இருந்தால்தான் டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும். பால் கொஞ்சம் தண்ணீராக இருந்தாலும் தாங்கும். இன்றைக்கும் சட்டம் கலப்பைத் தடுக்கவில்லை. தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலந்த அளவைப் பாக்கெட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். யுத்த காலத்து மதராஸ் ஹோட்டலில் யார் எழுதி ஒட்டினார்கள்?

பிற்பாடு அந்தத் தொகுதியை முழுக்கப் படித்தபோது ஒன்று உறைத்தது. அதில் ஒரு கப் காப்பியை உண்மையாக ருசித்துக் குடிப்பவர் கடவுள் ஒருவர்தான். ஏனென்றால் அவருக்கு விலை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதே காப்பியைக் குடிக்கும்போது அதில் என்ன கலந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார். ருசி என்பது பில்லைப் பற்றி யோசிக்காதவனுக்குக் கிடைக்கும் சலுகை. பிள்ளை அதோடு விடுகிறாரா? தன் சித்த வைத்திய தீபிகைக்குக் கடவுளிடமே இருபத்தைந்து ரூபாய் ஜீவிய சந்தா வசூலிக்கிறார். "காப்பியும் ஓசி, சந்தாவும் வசூல். இந்தாளு நம்ம கடைக்கு வராம இருந்தாச் செரி" என்றார் அப்பா. ஆனால் அதே ஆள் வீட்டுக்குப் போனால் குழந்தை வள்ளி ஓடிவந்து என்ன வாங்கி வந்தாய் என்கிறாள். என்னையே வாங்கி வந்தேன் என்கிறார். எப்போதும் அதுதானா, ஒரு பொரிகடலை கூடவா வாங்கிவரக் கூடாது என்று அவள் கேட்கிறாள். அந்த இடத்தை வாசிக்கும்போது அப்பா எழுந்து பால் பார்க்கப் போனார். எனக்கு இரண்டு தம்பிகள். கடைப் பலகாரத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

'ஒருநாள் கழிந்தது' கதையை நான் அப்பாவுக்கு வாசிக்கவே இல்லை. தானாக எடுத்துப் படித்திருக்கிறார், எழுத்துக்கூட்டி. முருகதாசர் என்ற எழுத்தாளர், மனைவி கமலம், குழந்தை அலமு. கடைக்காரனுக்குப் பாக்கி. வீட்டுக்கு வந்த சிநேகிதரிடம் மூன்று ரூபாய் கடன் கேட்கிறார், கைக்கு வருவது எட்டணா. சரி, காப்பிப் பொடிக்காவது ஆயிற்று. திங்கட்கிழமை வரப்போகிற கடைக்காரனுக்கு என்ன சொல்வது என்பது திங்கட்கிழமைக் கவலை. இலக்கியம் படித்தவர்கள் இதில் எழுத்தாளனின் வறுமையைப் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். அப்பா பார்த்தது வேறு. "எட்டணா கெடச்சதும் கடைக்குக் குடுக்கல பாரு. காப்பிப் பொடி வாங்கறான்." அவர் குரலில் கோபம் இல்லை. பற்று வைத்தவன் கையில் காசு வந்தால் முதலில் புதுக் கடைக்குத்தான் போவான், பழைய கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்பது அவர் அனுபவம். அதை ஒருவர் அச்சில் எழுதியிருக்கிறார் என்பதே அவருக்குத் திருப்தி. கதைக்குள் கடைக்காரன் முகம் காட்டுவதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள்தான் அந்தக் கடைக்காரன். ஒரு கதையைப் பின்வாசல் வழியாக நுழைந்து படித்த அனுபவம் எனக்கு அதுதான் முதல்.

சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் ஆனைகட்டியைப் பற்றி எழுத முடியாது. அட்டப்பாடியில் மதுவிலக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கம் டாஸ்மாக் இருந்தது. அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலமானால் அந்தப் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக வந்து இறங்குவார்கள். போகும்போது பாதிப் பேர் நடந்து போவார்கள், ஜீப்புக்குக் கொடுக்க மிச்சமிருக்காது. அதற்கு எதிராக அட்டப்பாடிப் பெண்கள், தாய்க்குல சங்கத்துக்காரர்கள், பாலம் தாண்டி வந்து கடைமுன் உட்கார்ந்து போராடினார்கள். இரண்டு அரசாங்கங்களின் இரண்டு கொள்கைகளுக்கு நடுவில் அவர்கள் வீட்டு அரிசி காணாமல் போய்க்கொண்டிருந்தது.

1934இல் மணிக்கொடியில் வந்த 'பொன்னகரம்' எனக்கு அந்தச் சாயங்காலங்களோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. ஜட்கா ஓட்டுகிற முருகேசன் ஒருநாள் குதிரையோடு தண்ணி போட்டுவிட்டு ரேஸ் விடுகிறான். வண்டி உடைகிறது, குதிரைக்குப் பலமான காயம், அவனுக்கு உள்காயம். படுத்துக் கிடப்பவன் பால்கஞ்சி கேட்கிறான். மில் கூலியான மனைவி அம்மாளு அந்தக் கஞ்சிக்காக இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். அவ்வளவுதான் கதை, இரண்டு மூன்று பக்கம். கற்பு கற்பு என்று கதைப்பவர்களைப் பார்த்து ஆசிரியர் கடைசியில் வீசும் கேள்வி எல்லாப் பாடநூலிலும் பேசப்படுகிறது. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைவிட உரக்கப் பேசுவது முக்கால் ரூபாய்தான். ஒரு ரூபாய் என்று எழுதியிருந்தால் கதை சாதாரணமாகிவிடும். முக்கால் என்றால் யாரோ பேரம் பேசியிருக்கிறான்.

எங்கள் கடைக்கும் சாயங்காலம் பெண்கள் வருவார்கள். ஒரு டம்ளர் பால், ஒரு பன், பற்று எழுதிக்கொள்ளுங்கள் என்பார்கள். அப்பா சிலருக்குக் கொடுத்தார், சிலருக்கு இல்லை என்றார். யாருக்குக் கொடுப்பது என்பதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது, அது எனக்கு ஒருபோதும் பிடிபடவில்லை. அவர் தர்மப் பிரபு அல்ல. பாக்கி ஏறினால் பத்துப் பேர் எதிரில் கேட்பார். நான் கல்லாவில் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த மாஷ் ஒருவர் மாதா மாதம் ஒன்றாம் தேதி கணக்குத் தீர்ப்பவர். அதனால் அப்பாவிடம் அவருக்குத் தனி மரியாதை, பழம்பொரி பெரியதாகப் பார்த்து எடுத்து வைக்கப்படும். நான் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்து, எங்கள் ஆட்களும் பசியை எழுதியிருக்கிறார்கள் என்று அவர்தான் வைக்கம் முகம்மது பஷீரின் 'ஜன்மதினம்' கதையை மலையாளத்தில் சொன்னார். பாதி புரிந்தது, மீதியை நடித்துக் காட்டினார். எழுத்தாளன் ஒருவனின் பிறந்தநாள். காலையிலிருந்து மணி மணியாகக் குறிப்பு எழுதுகிறான். விருந்துக்குக் கூப்பிட்ட சிநேகிதன் வீட்டில் இல்லை. பகல் முழுக்கப் பட்டினி. ராத்திரி, பக்கத்து அறை மாணவர்களின் சமையலறையில் நுழைந்து சோற்றைத் திருடித் தின்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்த மாணவர்களில் ஒருவன் வந்து, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறான்.

அதோடு மாஷ் நிற்கவில்லை. காரூர் நீலகண்ட பிள்ளையின் 'பொதிச்சோறு' என்று இன்னொன்றைச் சொன்னார். காரூரே பள்ளிக்கூட வாத்தியார். அவர் கதையில் பசி தாங்காத வாத்தியார் ஒருவர் மாணவனின் கட்டுச்சோற்றைத் திருடிவிடுகிறார். மாஷ் சொல்லிவிட்டுத் தன் டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். வாத்தியார் சம்பளம் அந்தக் காலத்தில் அப்படி என்றார். தமிழில் புதுமைப்பித்தன் ஆட்கள் கடன் வாங்குகிறார்கள், மலையாளத்தில் சோறு திருடுகிறார்கள் என்று நான் ஒரு சித்தாந்தம் உண்டாக்கினேன். பதினைந்து வயதில் அதெல்லாம் சுலபம்.

அப்பாவுக்குச் சித்தாந்தம் தேவைப்படவில்லை. "சோத்துக்கு வர்றவன் கல்லாவத் தொடமாட்டான்" என்றார். எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு தட்டி. சில ராத்திரிகளில் அதை விலக்கி யாரோ உள்ளே வந்து போயிருப்பார்கள். வர்க்கி டின் திறந்திருக்கும், பன் குறைந்திருக்கும், சில்லறை டப்பா இருந்த இடத்தில் இருக்கும். அப்பா தட்டியை மாற்றவில்லை. டின்னை மட்டும் வீட்டுக்குத் தூக்கிவரத் தொடங்கினார்.

2018 பிப்ரவரி 22ஆம் தேதி. அட்டப்பாடியின் இன்னொரு முனையில், அமைதிப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியிலுள்ள முக்காலியில், பழங்குடி இளைஞர் ஒருவரைக் காட்டுக்குள் தேடிப் பிடித்து, கடைகளில் அரிசியும் சாமானும் திருடினார் என்று சொல்லி, கையைக் கட்டி, படம் எடுத்துக்கொண்டு, அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போலீஸ் ஜீப்பிலேயே அவர் உயிர் போயிற்று. 2023 ஏப்ரலில் மன்னார்க்காட்டு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். அந்தப் படம் எல்லோருடைய போனிலும் வந்தது. நான் அப்போது கோவையில் தமிழ் ஆசிரியை. அன்றைக்குப் பஷீரின் அந்த மாணவன் என்னைத் தூங்கவிடவில்லை. காணாமல்போன சோற்றைப் பற்றிப் பேசாமல், சாப்பிட்டீர்களா என்று கேட்பவன். 'ஜன்மதினம்' தொகுப்பு வெளிவந்தது 1945இல். பஷீர் அவனை நம்பித்தான் எழுதியிருக்கிறார், தேவதையாக அல்ல, சினிமா பார்க்கிற, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற சாதாரணப் பையனாக. அப்பாவுக்குப் போன் செய்தபோது அவர் அரிசியின் அளவைத்தான் கேட்டார். "எவ்வளவு அரிசியாம்?" திரும்பத் திரும்ப அதையே.

புதுமைப்பித்தன் பசி டவுன் பசி. காசு, கடை, பாக்கி, டிராம் சார்ஜ் எல்லாம் சேர்ந்தது. எங்கள் ஊரைச் சுற்றியிருந்த பசி வேறு ஜாதி. இருளர், முதுகர், குறும்பர் ஊர்களில் ராகியும் சாமையும் தினையும் அவரையும் கீரையும் விளைந்த காலம் வரைக்கும் சாப்பாட்டுக்காக யாரும் பற்று நோட்டில் ஏறியதில்லை. கட்டன் சாயாவுக்கு மட்டும்தான் கடை. 1951இல் அட்டப்பாடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பழங்குடிகள். அப்புறம் மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள், நிலம் கைமாறியது, காட்டுக்குள் கை நீட்ட முடியாமல் போனது, களிச்சட்டிக்குள் ரேஷன் அரிசி வந்தது. 2013இல் அங்கே சிசுக்கள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியான பிறகு குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் மூலம் ஊர் ஊருக்குச் சமுதாயச் சமையலறை திறந்தார்கள். இன்னும் சில வருஷத்தில் சிறுதானிய கிராமத் திட்டம் வந்தது. விட்டுப்போனதையே திரும்ப விதைக்க ஒரு திட்டம்.

ஒரு பாட்டி புதன்கிழமை தோறும் கூடையில் அவரைக்காய் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுப்பார். ஆட்டுக்கொம்புபோல வளைந்திருக்கும். பதிலுக்கு டீத்தூள், சர்க்கரை, சில சமயம் உப்பு. அது எந்த நோட்டிலும் எழுதப்படாத வியாபாரம். அந்த ஆட்டுக்கொம்பு அவரைக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அட்டப்பாடித் துவரைக்கும் சேர்த்து. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்றது. கோவையில் இப்போது ராகிக் களியைச் சின்ன மண்சட்டியில் வைத்து, பக்கத்தில் கீரைக் கடைசலோடு, நல்ல விலைக்குத் தருகிறார்கள். போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, பொய் சொல்வானேன். கந்தசாமிப் பிள்ளை கூட இருந்திருந்தால் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டிருப்பார்.

மலைப்பக்கத்துக்குப் புதுமைப்பித்தன் வந்த கதை ஒன்று உண்டு, 'துன்பக்கேணி'. 1935. ஆனால் அது இலங்கை மலை. பஞ்சம் பிழைக்கப் போன திருநெல்வேலிச் சீமைக்காரர்கள் தேயிலைத் தோட்டத்தில் என்ன ஆனார்கள் என்பது. டீக்கடைக்காரன் மகளாக அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் பாய்லர் பக்கம் போகப் பிடிக்கவில்லை. என் மனதில் நின்றது தோட்டம்தான், டீ அல்ல. நாங்கள் குன்னூர்த் தூளை மூட்டையாக வாங்குவோம். மூட்டைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அதுவரை யோசித்ததில்லை.

அவர் கேரளத்துக்கும் வந்தார், சாவதற்கு. சினிமா வேலையாகப் புனே போய், காசநோயோடு திரும்பி, மனைவி கமலா இருந்த திருவனந்தபுரத்தில் 1948இல் இறந்தார். வயது நாற்பத்திரண்டு. இதைச் சொன்னபோது மாஷ், அப்படியானால் பாதி எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடினார். கடைசி நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார், எந்தக் கஞ்சி, யார் காய்ச்சியது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அது வாசகியின் புத்தி அல்ல, ஹோட்டல்கார வீட்டுப் புத்தி.

கடையை விட்ட பிறகு அப்பா கோவையில் என்னோடு இருந்தார். பொழுது போகாமல் அந்தப் பழைய தொகுதியை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் விலை எழுத ஆரம்பித்தார். அரைக் கப், மூன்றணா, எட்டணா, மூன்று ரூபாய். ஒருநாள் கூப்பிட்டார். இரண்டு காப்பி மூன்றணா என்றால் ஒரு காப்பி ஒன்றரையணா. அம்மாளுவின் முக்கால் ரூபாய் பன்னிரண்டணா. எட்டுக் காப்பி. "எட்டுக் காப்பிக்கு அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.

அப்படிப் போடக் கூடாது அப்பா என்றேன். பொன்னகரம் முப்பத்துநாலு, இது நாற்பத்துமூன்று. நடுவில் யுத்தம், விலை ஏறியிருக்கும்.

"அப்பச் செரி. முப்பத்துநாலுல பன்னெண்டணாவுக்குப் பத்து பன்னெண்டு காப்பிகூட வரும்." திருத்தி எழுதினார். அப்புறமும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. பால்கஞ்சிக்கு எவ்வளவு பால், எவ்வளவு அரிசி என்று போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் பன்னிரண்டணா ஆகவில்லை. மிச்சம் மருந்துக்கு இருக்கும் என்றேன். வாடகைக்கு இருக்கும்.

"குதிரைய உட்டுட்டீங்களே" என்றார். "அதுக்கும் பலமான அடி. நின்ன எடத்துல தின்னுட்டுத்தான இருக்கும். கொள்ளு யாரு வாங்கறது?"

கதையை எடுத்து மறுபடி பார்த்தோம். கொள்ளுக்குத் தனியாக ஒரு வரி எழுதி, தொகையை மட்டும் விட்டு வைத்தார். அந்தக் காலத்தில் கொள்ளு படி என்ன விலை என்று விசாரிக்கச் சொன்னார்.